காலை ஒன்பதரை வரை மடங்காத விரல்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 46. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் முடக்குவாதம் என்று சொன்னார்கள். ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இரண்டுமே பாசிட்டிவ். வாரத்துக்கு ஒரு நாள் போடும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். போட்ட மறுநாள் முழுக்கக் குமட்டல், முடியும் கொட்டியது. ஆறு மாதமாக அதை நிறுத்திவிட்டேன், டாக்டரிடம் சொல்லவில்லை. இப்போது தினமும் ஒரு வலி மாத்திரை மட்டும். தீபாவளி, பொங்கல் ஆர்டர் சமயத்தில் இரண்டு. ஐந்தரைக்கு எழுந்தால் இரண்டு கையும் மடங்காது. பிரஷ் பிடிக்க முடியாது. ஊக்கு மாட்ட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஒன்பதரைக்கு மேல்தான் கத்தரிக்கோல் கைக்கு வசப்படுகிறது. “பத்து மணிக்கு மேல நல்லாத்தானே இருக்கே” என்கிறார் வீட்டுக்காரர். மாமியார் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா வாங்கிவந்த பொடியை நான்கு நாள் சாப்பிட்டேன், இரண்டாம் நாளே பழைய கை திரும்பி வந்தது போல இருந்தது. அதைத் தொடரலாமா? தையலை விட்டுவிட வேண்டுமா? கடைசிவரை இப்படித்தானா?

- பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டது ஐந்தரை, ஒன்பதரை என்ற இரண்டு நேரங்களைத்தான். நான்கு மணி நேர இறுக்கம். வயதானவர்களுக்கு முழங்காலில் வரும் தேய்மானத்திலும் காலையில் மூட்டு பிடித்துக்கொள்ளும். ஆனால் நாலு எட்டு நடந்தால், பெரும்பாலும் அரை மணிக்குள், விட்டுவிடும். முடக்குவாதத்தில் அது மணிக்கணக்கில் நீளும். அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் 1987இல் வகுத்த அடையாளப் பட்டியலில் ‘காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல்’ என்பதுதான் முதல் வரி. 2010இல் புதுப் பட்டியல் போட்டபோது அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. ரத்தப் பரிசோதனைக் காகிதம் கைக்கு வருமுன்பே நோயின் வேகத்தை ஓரளவு சொல்லிவிடுகிற கேள்வி அது.

அந்த நான்கு மணி நேரம் சொல்வது இதுதான்: உங்கள் மூட்டுகளின் உள்சவ்வில் அழற்சி இன்னும் தணியவில்லை. ‘வலியோடு வாழப் பழகுவது எப்படி’ என்று நீங்கள் கேட்க வேண்டிய கட்டம் இன்னும் வரவில்லை. முதலில் அழற்சியை அடக்க வேண்டும். அடக்கிய பிறகு மிஞ்சுகிற வலிக்குத்தான் பழக வேண்டும். அடக்காமல் பழகிக்கொண்டால் எலும்பு அரித்து, விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கும். அப்படிச் சாய்ந்த விரலை எந்த மாத்திரையும் நிமிர்த்தாது.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. இந்த நோய்க்கென்று ஒரு கடிகாரம் இருக்கிறது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் பின்னிரவில் ஏறி விடியற்காலையில் உச்சத்துக்குப் போகின்றன. அதை அடக்க உடம்பு தானே சுரக்கும் கார்டிசால் அப்போதுதான் மேலே வரத் தொடங்கும். இந்த நோயாளிகளுக்கு அது போதுவதில்லை. இரவு முழுக்க அசையாமல் கிடந்த மூட்டில் நீரும் கோத்துக்கொள்கிறது. கை அசைய அசைய, வெயில் ஏற ஏற, இறுக்கம் இளகும். ஆக, பத்து மணிக்கு அவர் பார்க்கும் மனைவியும் ஐந்தரைக்கு மகள் பார்க்கும் அம்மாவும் வேறு வேறு ஆட்களாகத் தெரிவதில் அதிசயம் இல்லை. நடிப்பும் இல்லை, சோம்பலும் இல்லை. ஒரே ஒரு வாரம் அவரே எழுந்து ஊக்கு மாட்டிவிடட்டும். நான் சொல்வதைவிட நன்றாகப் புரியும்.

இனி அந்தப் பொடி. பெயரும் உட்பொருளும் அச்சிடாத பொடி, வருஷக்கணக்கான வாதத்தை இரண்டே நாளில் தணிக்கிறது என்றால் என் முதல் சந்தேகம் ஸ்டீராய்டு. இந்த ‘அற்புதம்’ ஏற்கெனவே ஒருமுறை நடந்ததுதான். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் படுக்கையில் புரளவே சிரமப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆனால் அதற்குள்ளேயே விலையும் தெரியத் தொடங்கிவிட்டது: முகம் நிலா போல வீங்குதல், சர்க்கரை, எலும்பு பொடிதல், தொற்று.

நீங்கள் நான்கு நாளோடு நிறுத்தியது நல்லது, அப்படியே விட்டுவிடுங்கள். ஆனால் இதைப் படிக்கும் வேறு யாராவது இப்படியொரு பொடியை மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்தால், நாளைக் காலையே சட்டென்று நிறுத்த வேண்டாம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன் சுரப்பைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொடிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நாங்களும் தேவைப்பட்டால் ஸ்டீராய்டு கொடுக்கிறோம். இவ்வளவு மில்லிகிராம், இத்தனை வாரம், பிறகு படிப்படியாகக் குறைப்பது என்று கணக்கு வைத்துக் கொடுக்கிறோம். வித்தியாசம் அந்தக் கணக்கில்தான்.

வலி மாத்திரையும் அழற்சியின் வேரைத் தொடுவதில்லை. சமையலறையில் புகை வருகிறது என்று ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, அடுப்பில் தீயும் சட்டியை அப்படியே விட்டுவிடுவது போன்றது அது. தினமும் போட்டால் வயிற்றுப் புண், ரத்தக்கொதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு என்று வரிசையாக வரும். தீபாவளிக்கு இரண்டு மாத்திரை என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் நிறுத்திய வாரமொருமுறை மாத்திரை மெத்தோட்ரெக்ஸேட்டாகத்தான் இருக்க வேண்டும். மருந்துக்கடையில் யாராவது “இது கேன்சர் மாத்திரையாச்சே” என்று சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்கள். பிறப்பு அதுதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், 1940களில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் நடத்திய ஆராய்ச்சியில் விளைந்த மருந்து அது. முதலில் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டது. வாதத்துக்கு நாங்கள் கொடுப்பது அந்த அளவில் மிகச் சிறிய பங்கு. முடக்குவாத சிகிச்சையில் உலகம் முழுக்க இன்றும் முதலில் கையிலெடுக்கும் மருந்து இதுவே.

குமட்டலுக்கு வழி உண்டு. சனிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுப் போட்டுப் படுத்தால் பாதித் தொல்லை தூக்கத்திலேயே கழியும். அந்த நாள் தவிர மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட் எத்தனை போடலாம் என்று கேளுங்கள். முடி கொட்டுவதைக் குறைக்கவும் அது ஓரளவு உதவலாம். அப்படியும் முடியவில்லை என்றால் இதே மருந்து தோலுக்கடியில் போடும் ஊசியாகவும் கிடைக்கிறது. அதுவும் ஒத்துவராவிட்டால் சல்ஃபாசலஸின், லெஃப்ளுனோமைட், ஹைட்ராக்ஸிகுளோரோக்வின் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. இவையும் போதாதவர்களுக்கு உயிரியல் ஊசிகள் உண்டு. அவற்றைத் தொடங்குமுன் உள்ளே காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நம் நாட்டில் அதை விடவே கூடாது.

ஒன்றை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் தகும். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். தவறுதலாகத் தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிர் போனவர்கள் உண்டு. அட்டையின் மேலேயே ‘சனி’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவையுங்கள். ரத்த அணு, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளை மருத்துவர் சொன்ன இடைவெளியில் செய்துகொள்ளுங்கள். பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்கள் இதைத் தொடவே கூடாது. சில மாதம் முன்பே நிறுத்தி மாற்று மருந்துக்குப் போக வேண்டும். மருந்து வேலை செய்ய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்று மாதத்தில் தெளிவான முன்னேற்றம், ஆறு மாதத்தில் நோய் அடங்கிய நிலை என்பதே நாங்கள் வைத்துக்கொள்ளும் இலக்கு. எட்டாவிட்டால் மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

அதுவரை காலைகளைக் கடத்தியாக வேண்டுமே. எழுந்தவுடன் பிரஷ்ஷோடு மல்லுக்கட்ட வேண்டாம். அகலமான பாத்திரத்தில் கை பொறுக்கும் வெந்நீர் வைத்து, மணிக்கட்டு வரை பத்து நிமிடம் மூழ்கவிடுங்கள். நீருக்குள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி விரியுங்கள், கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுங்கள், மணிக்கட்டை மேலும் கீழும் அசையுங்கள். பிறகு துணி சுற்றித் தடிமனாக்கிய பிரஷ். பலர் ரப்பர் பந்து வாங்கிப் பிசைகிறார்கள்; விரல் மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும்போது அது வேண்டாம். கைக்கான பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தால் கையின் திறன் கூடுகிறது என்று பிரிட்டனில் நடந்த ஆய்வொன்று 2015இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொண்டால் போதும், வீட்டிலேயே தொடரலாம்.

தையலை விட வேண்டாம். தைக்கும் முறையை மாற்றுங்கள். வெட்டும் வேலையையும் ஊக்கு, காஜா, ஹெம்மிங் போன்ற நுண்வேலையையும் பதினோரு மணிக்குத் தள்ளுங்கள். வாடிக்கையாளர்களிடம் “மத்தியானத்துக்கு மேல வாங்க” என்று கூசாமல் சொல்லுங்கள். கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வையுங்கள். மழுங்கிய கத்தரிக்கோல்தான் கட்டைவிரலின் பெரிய எதிரி. கீழ் அலகு மேசையில் படிந்தபடி வெட்டினால் அதன் எடையை மணிக்கட்டு சுமக்காது. பிடியில் பழைய சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றுங்கள். லைனிங்கோடு சேர்த்து நான்கு மடிப்பாக வெட்டும் வழக்கத்தை விட்டு இரண்டிரண்டாக வெட்டுங்கள். மிதி மெஷினாக இருந்தால் மோட்டார் மாட்டுங்கள். கணுக்காலும் பாதமும் இந்த நோயின் இலக்குகள்தான். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள், அசையாமல் உட்கார்ந்தால் பகலிலும் மூட்டு பிடித்துக்கொள்ளும். காஜா, ஊக்கு வேலைக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குப் பீஸ் கணக்கில் கூலி கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். லாபம் கொஞ்சம் குறையும், கை மிஞ்சும்.

சமையலறையிலும் இதே கணக்குதான்: சின்ன மூட்டு செய்யும் வேலையைப் பெரிய மூட்டுக்கு மாற்றுவது. பால் பாத்திரத்தை இடுக்கியால் தூக்காமல், இரண்டு காது வைத்த பாத்திரத்தை இரண்டு உள்ளங்கையாலும் தூக்குங்கள். துணியை முறுக்கிப் பிழியாதீர்கள். விரலைச் சுண்டுவிரல் பக்கம் தள்ளுவது சரியாக அந்த முறுக்குதான். சொட்டச் சொட்டக் கொடியில் போட்டால் நம்மூர் வெயிலுக்குக் காயாமலா போகும்? பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையிலோ தோளிலோ மாட்டுங்கள்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். ஆனால் கத்தரிக்காய்க்கும் உருளைக்கிழங்குக்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு இருப்பதாக ஆதாரம் இல்லை. பருப்பை நிறுத்தச் சொல்வது யூரிக் அமிலத்தால் வரும் கவுட் என்ற வேறொரு நோயின் பத்தியத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டுவது. அந்த நோய்க்குக்கூட இன்று பருப்பைத் தடுப்பதில்லை. மூன்று வருஷ அழற்சியில் சதை கரைந்திருக்கும், ரத்தசோகை இருக்கலாம். உங்களுக்குப் புரதம் வேண்டும். மத்தி, அயிலை கிடைத்தால் சாப்பிடுங்கள், அந்த மீன் எண்ணெய் அழற்சியைச் சிறிது தணிக்கும். முடக்கத்தான் தோசையைத் தாராளமாகச் சாப்பிடலாம், சனிக்கிழமை மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

கடைசிவரை இப்படித்தானா என்று கேட்டீர்கள். நோயை வேரோடு பிடுங்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் நான்கு மணி நேர இறுக்கம் கால் மணியாகச் சுருங்கி, வருஷக்கணக்கில் அப்படியே இருப்பவர்கள் நிறையப் பேர். நடுநடுவே ஒரு வாரம் நோய் சீறும், சில மாலைகளில் காரணமில்லாத களைப்பு அடித்துப் போடும். அந்த நாட்களில் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம். மருந்தைக் குறைக்கக் கூடாது.

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். தனியாரில் கட்டுப்படியாகாவிட்டால் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாதநோய்க்கென்றே தனித்துறை இருக்கிறது. போகும் நாள் வரை தினமும், எழுந்த நேரத்தையும் கை முழுதாக மடங்கிய நேரத்தையும் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டு போங்கள். ஆறு மாதமாக மாத்திரை போடவில்லை என்பதையும், பொடி சாப்பிட்டதையும் உட்கார்ந்தவுடன் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைத்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணித் தேவையில்லாமல் அதைவிடக் கடுமையான மருந்தை எழுதிவிடுவார்.