கண்ணுக்கிடும் எச்சரிக்கை

எச்சரிக்கை என்னுஞ் சொல் முன்னாளிற் செவிக்கே உரியதாயிருந்தது. அரசர் உலாப் போதருங்கால் கட்டியக்காரன் முன்னே சென்று "எச்சரிக்கை" எனக் கூவுவான். கேட்டோர் விலகி நிற்பர். மோட்டார் வண்டிகள் மலிந்த இக்காலத்திலோ, எச்சரிப்பது வாய் திறவாமலே, விரைந்து வருவோனுக்குத் தன் கருத்தை நெடுந்தொலைவில் உணர்த்துதல் வேண்டும். சாலையில் தீட்டப்பெறும் கோடுகளும், ஓரங்களில் நடப்பெறும் கற்களும் தடுப்புக்களும் இத்தொழிலை மேற்கொண்டன. இவற்றுட் பல வெள்ளையுங் கறுப்புமாய் அமைந்தது அழகு கருதியன்று. யாப்பிலக்கணத்தார் முரண் என்பரே, அதுவே இங்கும் காரணம். வெள்ளை தனியே நின்று எச்சரியாது. கருமையை அடுத்து நின்றே எச்சரிக்கும்.

இவ்வுண்மையைப் பெருவிலை கொடுத்துக் கற்ற நாடு பிரிட்டன். 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதியில் அங்கே இருட்டடிப்பு தொடங்கிற்று. பகைவரின் விமானங்களுக்கு ஊர்கள் புலப்படாதிருக்கும்பொருட்டு வீதிவிளக்குகள் அணைக்கப்பட்டன. மோட்டார் விளக்குகளும் மூடியிடப்பெற்றுச் சிறு கீற்றளவே ஒளி விடுத்தன. விளைவு யாது? 1938-இல் அந்நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 6,648 பேர். 1941-இல் 9,169 பேர். பெட்ரோல் பங்கீட்டினால் மக்கள் தம் வண்டிகளை முன்போல் ஓட்டவியலாதிருந்த காலத்தில் இத்தொகை ஏறிற்று என்பதை நோக்குக. பகைவனுக்கு அஞ்சி விளக்கை அவித்தவர்கள் தம்மவர் சக்கரத்திற்கே இரையாயினர்.

இதற்கு எதிராக அரசாங்கத்தார் கையாண்ட கருவிகளுள் எளியது வெள்ளை வர்ணம். நடைபாதையின் விளிம்புக்கற்களுக்கு இடைவிட்டு இடைவிட்டு வெள்ளை. மரங்களின் அடிப்பாகத்திற்கும் விளக்குக் கம்பங்களுக்கும் வெள்ளை. மோட்டார் வண்டியின் முன்புறச் சட்டத்திற்கும் ஏறுபலகைக்கும் வெள்ளை. இரவில் நடந்து செல்வோரும் வெண்ணிறப் பொருள் ஏதேனும் அணிந்து செல்லுமாறு வேண்டப்பட்டனர். அம்மட்டில் நில்லாது, இருட்டடிப்பு வேளையில் ஊர்ப்பகுதிகளில் மணிக்கு 20 மைல் வேகத்தை மீறலாகாதென 1940 பிப்ரவரியில் விதியும் செய்தனர். இஃது அறிவுடைச் செயலென்போம். கோட்டைக் கண்டபின்னும் வண்டியை நிறுத்தவியலாதவனுக்குக் கோட்டினாற் பயனென்?

ஆயினும், நம் வியப்பிற்கு மிகவும் உரியது "பூனைக்கண்" என்னும் சிறு பொறியே. யார்க்ஷயர் மாகாணத்து ஹாலிபாக்ஸ் நகரினரான பெர்ஸி ஷா என்பவர் இதற்கு 1934-இல் காப்புரிமை கோரினார். இருப்புக் கூட்டினுள் ரப்பர்த் துண்டு. அதனுட் பதித்த கண்ணாடி மணிகள். இவ்வளவே அதன் உறுப்பு. சாலையின் நடுவே வரிசையாய்ப் பதிக்கப்படும் இம்மணிகளின் பின்புறம் ஒளியைத் திருப்பவல்லது. தன்மேற் பட்ட ஒளியை நாற்புறமும் சிதறாமல், வந்த வழியே மீட்டனுப்பும். ஆதலின், விளக்கோடு வருவோன் தன் விளக்கின் ஒளியாலேயே வழி காண்பான். வானிற் பறப்பவனுக்கோ யாதும் தோன்றாது. இருட்டடிப்புக் காலத்திற்கு இதனினும் பொருந்திய விளக்கு வேறு யாது?

இன்னுமொரு நுட்பம் உண்டு. சக்கரம் ஏறுங்கால் ரப்பர் அமிழ்ந்து, இமை கண்ணைத் துடைப்பதுபோல் மணிகளைத் துடைத்து மீளும். கூட்டிற் தங்கிய மழைநீர் அதற்குதவும். வர்ணத்திற்கு இவ்வாற்றல் இல்லை. புழுதி படிந்தபின் அது வாயடைத்த கட்டியக்காரனேயாம்.

நடப்போர் சாலையைக் கடத்தற்கென 1934-இல் அந்நாட்டு மந்திரி ஹோர்-பெலிஷா காலத்தில் நிறுவிய இடங்களில், கம்பத்தின் உச்சியிற் செம்மஞ்சள் உருண்டை இருந்தது. தரையிலோ உலோகக் குமிழ்களே இருந்தன. அவை ஓட்டுவோர் கண்ணுக்குத் தொலைவில் எட்டவில்லை. பின்னர்ப் பலவிடங்களிற் சோதித்து, 1951-இல் வரிக்குதிரைக் கோடுகளை நாடெங்கும் விதித்தனர். இங்கும் வென்றது முரணே.

இனி நம் நாட்டு வழக்கத்தை நோக்குவோம். நம் நெடுஞ்சாலைப் புளியமரங்களுக்கும் வெள்ளைப் பட்டை தீட்டுகின்றனர், நன்று. ஆனால் நடுச்சாலையிற் பழுதுற்று நிற்கும் லாரிக்கு நாம் செய்யும் காவல் யாது? கிளீனர் இறங்கி, ஓரத்திற் கிடக்கும் கருங்கற்களைப் பின்னே பரப்பி, தழைக்கொத்து ஒன்றையும் ஒடித்து வைக்கிறான். பகலில் அது போதும். இரவிலோ, கரிய தாரின்மேற் கரிய கல்; பச்சைத் தழையும் இருளிற் கருமையே. பழுது நீங்கியபின் லாரி புறப்பட்டுப் போகிறது. கற்கள் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. பின்வரும் சைக்கிள்காரன் காண்பது காவலன்று, கண்ணியே.

ஒளியை மீட்டனுப்பும் செந்நிற முக்கோணம் இப்போது கடைகளிற் கிடைக்கின்றது. அது பூனைக்கண்ணின் இனத்தைச் சேர்ந்ததே. அதன் விலை லாரிச் சக்கரமொன்றின் விலையிற் சிறு கூறும் ஆகாது. அது கைவசம் இல்லாத இரவிற் கல்லின்மேல் ஒரு வெள்ளைத் துணியையேனும் விரித்து வைக்கலாம். புறப்படும்போது கிளீனர் கற்களை ஓரத்திற்கு உருட்டிவிட்டு ஏறட்டும். அதற்குச் செல்லும் பொழுது, ஒரு சுருட்டுப் பற்றவைக்கும் பொழுதேயாம்.