வாய்க்கணக்கு வேண்டாம்

அன்புள்ள தம்பி,

கல்விக்கடன் வசூலுக்காக வரும் போனை எடுப்பதா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். எடுக்காமல் இருந்தால் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள் என்று உன் நண்பர்கள் சொன்னார்களாம். படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. நீ எடுக்காத நாளிலும் வட்டி ஏறும். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும். உன்னோடு கையெழுத்துப் போட்ட அப்பாவின் சிபிலிலும் அது பதியும்.

எடு. ஆனால் போனில் எதையும் ஒப்புக்கொள்ளாதே. பேசுபவர் யார், எந்த ஏஜென்சி, வங்கியின் அங்கீகாரக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள். பாக்கியை எழுத்தில் அனுப்பச் சொல். ஓடிபி கேட்டாலோ, சொந்த யுபிஐ-க்குப் பணம் போடச் சொன்னாலோ பேச்சை அங்கேயே முடி. பணம் உன் கடன் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும்.

எழுத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? பஞ்சாப் விவசாயிகளின் கடனைப் பற்றி மால்கம் டார்லிங் 1925-இல் வெளியிட்ட நூலை அடிக்கடி எடுத்துப் படிப்பவன் நான். அன்று கடன்பட்டவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரேடு வட்டிக்காரரிடம் இருக்கும். அவர் சொன்னதுதான் பாக்கி. வட்டியைவிட இந்த அறியாமைதான் அவனை அதிகம் அழித்தது என்பது என் கட்சி. 1930-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. கடன் கொடுத்தவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடனாளிக்குக் கணக்கு எழுதித் தரவேண்டும் என்றது அது. எழுத்தறியாதவனுக்கே அந்த உரிமை வந்துவிட்டது. பொறியியல் படித்த நீயோ, கணக்கு விவரத்தைக் கண்ணால் பார்க்காமல், யாரோ சொன்ன தொகையைக் கேட்டு நடுங்குகிறாய். இது எனக்குப் பொறுக்கவில்லை.

மிரட்டலுக்கும் வரம்பு உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. நண்பர்களையும் உறவினர்களையும் தொல்லைப்படுத்தவும் கூடாது. தவணை கட்ட முடியாததற்காக மட்டும் போலீஸ் கைது செய்ய முடியாது. அது சிவில் விவகாரம். வரம்பு மீறினால் தேதி, நேரத்தோடு வங்கிக்குப் புகார் எழுது. 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போ. கட்டணம் கிடையாது.

வேலை கிடைக்கவில்லை என்றாயே, அதற்கும் வழி இருக்கிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், வேலையில்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க இடம் உண்டு. வசூல் முகவரிடம் கெஞ்சி அது கிடைக்காது. இந்த வாரமே அப்பாவை அழைத்துக்கொண்டு கிளைக்குப் போ. கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கு. மேலாளரிடம் மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள். அதன் பிரதி ஒன்றை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்