மின்வண்டியில் பால் ஏற்றலாம், வேகம் ஏற்ற வேண்டாம்

சொசைட்டிக்குப் பால் ஊற்றவும், தோட்டத்துக்குப் போய் வரவும் விலை குறைந்த மின்வண்டிகளைச் சிறு விவசாயிகள் பலர் வாங்கியுள்ளனர். பெட்ரோல் செலவு இல்லை, லைசென்சு வேண்டாம் என்பதே காரணம். ஆனால் ஓராண்டு ஓடியதும், "முன்போல் தூரம் போவதில்லை, மேட்டில் இழுக்க மறுக்கிறது" என்ற குறை எழுகிறது. அப்போது, "இன்னொரு பாட்டரி சேர்த்தால் வண்டி பறக்கும்" என்று யாராவது யோசனை சொல்வார்கள்.

எங்கள் பயிற்சிக்கு வந்த ஒரு பால் உற்பத்தியாளர் இந்த யோசனையைக் கேட்டு, நான்கு பாட்டரிகளுடன் ஐந்தாவதையும் இணைத்தார். மூன்றாம் நாள் கன்ட்ரோலர் வெடித்து வண்டி நடுவழியில் நின்றது. அன்றைய பாலும் கெட்டது, பழுதுச் செலவும் சேர்ந்தது. 48 வோல்ட் கன்ட்ரோலரில் உள்ள கப்பாசிட்டர்கள் பெரும்பாலும் 63 வோல்ட் வரைதான் தாங்கும். முழுச் சார்ஜில் உள்ள ஐந்து பாட்டரிகளோ 65 வோல்ட்டைத் தொடும்.

வண்டியின் திறன் எவ்வளவு?

பதிவும் லைசென்சும் தேவையில்லாத வண்டியின் மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டது. ஒரு குதிரைத் திறன் 746 வாட். ஆகவே இந்த மோட்டார் ஐந்து குதிரைத் திறன் பம்புசெட்டில் பதினைந்தில் ஒரு பங்குதான். வேகத்தைக் கூட்டினால் சட்டப்படி அது மோட்டார் வாகனமாகிவிடும். பதிவு, இன்சூரன்சு, லைசென்சு எல்லாம் வேண்டும். இவை இல்லாமல் விபத்து நேர்ந்தால் நஷ்டஈட்டை நாமே கொடுக்க நேரும். மேலும், வேகம் 25-லிருந்து 40 ஆனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் இரண்டரை மடங்காகிறது. வண்டியில் உள்ள சிறிய பிரேக் அதற்கு ஏற்றதல்ல.

முதலில் குறையைக் கண்டறியுங்கள்

செலவு செய்யுமுன் மூன்று சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும்.

1. டயரில் காற்று சரியாக உள்ளதா? காற்றுக் குறைந்த டயர் பாட்டரியைத் தின்றுவிடும்.

2. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் தடையின்றிச் சுற்றுகிறதா? உரசும் பிரேக்கும் சார்ஜைக் குடிக்கும்.

3. பத்து கிலோமீட்டர் ஓட்டிய பின் ஒவ்வொரு பாட்டரியையும் மீட்டர் வைத்து அளக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால் அதுவே நோயாளி. நான்கும் பழையவையாக இருந்தால் ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவது வீண். நலிந்த மாட்டுடன் புது மாட்டைப் பூட்டிய கதையாகும். நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எந்தப் பாட்டரி ஏற்றது?

48 வோல்ட், 20 ஆம்பியர் மணி உள்ள ஈயப் பாட்டரித் தொகுப்பில் 960 வாட் மணி மின்சாரம் அடங்கும். இதில் தினமும் பாதி அளவே பயன்படுத்தினால் ஆயுள் நீடிக்கும். சுமையுடன் கிலோமீட்டருக்கு 25 வாட் மணி எனக் கொண்டால் சுமார் 19 கிலோமீட்டர் ஓட்டலாம். போக வர 15 கிலோமீட்டருக்குள் ஓட்டுபவருக்கு இதுவே போதும்.

தினமும் 25, 30 கிலோமீட்டர் ஓட்டுபவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியை நாடலாம். ஈயப் பாட்டரிகள் நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 28 கிலோ எடை இருக்கும். லித்தியம் அதில் பாதியும் இராது. அந்த எடைக்குப் பதிலாகப் பால் ஏற்றலாம். ஈயப் பாட்டரியை முழுவதும் இறக்கி ஏற்றினால் சுமார் 300 தடவை தாங்கும். நல்ல லித்தியம் 1,500 தடவைக்கு மேல் தாங்கும். விலையைத் தடவையால் வகுத்துப் பார்த்து வாங்குங்கள்.

லித்தியம் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: செல்களைக் காக்கும் மின்னணுப் பலகை உள்ளே இருக்க வேண்டும். வண்டிக் கம்பெனியே தரும் பாட்டரியே மேலானது. அதற்கென உள்ள சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். ஈயப் பாட்டரியின் பழைய சார்ஜரை மாட்டக் கூடாது. பழைய செல்களைச் சேர்த்துக் கட்டிய மலிவுப் பாட்டரி தீப்பிடிக்கும் அபாயம் உடையது.

சுமை ஏற்றும் முறை

இருபது லிட்டர் பால் கேனுடன் சேர்த்து ஏறக்குறைய 25 கிலோ வரும். ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. இரண்டையும் ஒன்றாக ஏற்றாதீர்கள். கால் வைக்கும் தட்டின் மேல் தாழ்வாக வைக்கும் சுமை வண்டியைச் சாய்க்காது. பின்சக்கரத்துக்கு அப்பால் தொங்கும் சுமை முன்சக்கரத்தைத் தூக்கிவிடும். தாங்கியை வண்டிச் சட்டத்தில் வெல்டிங் செய்யாமல், போல்ட் போட்டு முடுக்குவது நல்லது. வெல்டிங் தவிர்க்க முடியாதபோது பாட்டரியையும் கன்ட்ரோலரையும் கழற்றிய பின்பே செய்ய வேண்டும். சுமை கூடினால் பிரேக் கட்டைகளையும் புதுப்பிக்க மறவாதீர்கள்.

உரம் பட்டால் செம்பு ஒயரில் பச்சை பூக்கும். எனவே ஒயர் இணைப்புகளின் மேல் பழைய சைக்கிள் டியூபை உறையாக மாட்டலாம். வண்டியைப் பம்புசெட்டுத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவாமல், ஈரத்துணியால் துடைக்கவும்.

சார்ஜ் செய்யும் முறை

வண்டி வந்து அரை மணி நேரம் ஆறிய பின் சார்ஜில் போடவும். ஈயப் பாட்டரியைக் காலியாகப் போட்டு வைக்கவே கூடாது. ஓட்டாத மாதத்திலும் ஒருமுறை சார்ஜ் செய்ய வேண்டும். படுக்கும் அறையிலும், வாசற்படியிலும், வைக்கோல் போருக்கு அருகிலும் சார்ஜ் செய்யாதீர்கள். பம்புசெட்டுக்கான இலவச மின் இணைப்பில் வண்டியை சார்ஜ் செய்வது விதிமீறலாகும். வீட்டு இணைப்பில் ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒன்றேகால் யூனிட்தான் செலவாகும்.

தீர்ந்த பாட்டரியைக் கிணற்றடியில் உடைக்காமல் விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். அதிலுள்ள ஈயமும் அமிலமும் மண்ணுக்கும் மாட்டுக்கும் நஞ்சு.

வேகத்தைக் கூட்டும் பணத்தை நல்ல பாட்டரி, டயர், பிரேக் ஆகியவற்றில் போட்டால் வண்டி நெடுநாள் உழைக்கும். பாலும் நேரத்துக்குச் சொசைட்டி சேரும்.