படகுக்கு ஏற்ற புரொப்பல்லர்

படகுக்கு யந்திரம் வாங்கப் போகிறவர் முதலாவது கேட்பது, "எத்தனை குதிரை சக்தி?" என்பதே. நல்ல கேள்விதான். ஆனால் அந்தச் சக்தியைக் கொண்டு படகைத் தள்ளுவது நீருக்கடியில் சுழலும் சிறு காற்றாடி. புரொப்பல்லர் என்பது அதுவே. அது பொருந்தாவிட்டால் வீட்டுக்கு வரவேண்டிய பணம் எண்ணெயாய்ப் புகைந்து போகும். ஆதலால் அன்பர்களே, அதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

புரொப்பல்லரில் பெரும்பாலும் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 10 × 9 என்பதுபோல. முதலாவது விட்டம், அதாவது இதழ்களின் முனைகள் சுழன்று வரையும் வட்டத்தின் அகலம், அங்குலக் கணக்கில். இரண்டாவதைப் 'பிட்ச்' என்பார்கள். மரத்தில் திருகாணி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மரை தூரம் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரும் மரத்தைப்போல் கெட்டியாயிருந்தால் புரொப்பல்லர் ஒரு சுற்றில் எவ்வளவு முன்னேறுமோ, அதுவே பிட்ச்.

தண்ணீரோ கெட்டியல்ல, வழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். யந்திரம் நிமிஷத்துக்கு 5,000 சுற்று. பல்சக்கரம் அதைப் பாதியாக்கினால் புரொப்பல்லருக்கு 2,500. பிட்ச் 9 அங்குலமானால் நிமிஷத்தில் 1,875 அடி. அதாவது மணிக்குச் சுமார் 18½ கடல் மைல். படகு 12 தான் ஓடுகிறதென்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழுக்கலில் போயிற்று. அத்தனையும் நஷ்டமென்று எண்ணிவிடாதீர்கள்; சற்று வழுக்கித் தண்ணீரைப் பின்னே தள்ளினால்தான் படகு முன்னே போகும்.

இங்கிலாந்தில் பெட்டிட் ஸ்மித் என்பவர் 1837-ல் நீண்ட மரத்திருகு ஒன்றைப் படகில் பூட்டிக் கால்வாயில் ஓட்டினார். வழியில் திருகு பாதி ஒடிந்துபோக, படகு முன்னிலும் வேகமாய் ஓடிற்று! பெரிதாயிருந்தால் நல்லது என்ற எண்ணம் அன்றே பொய்த்தது. இன்றும் சிலருக்கு அது போகவில்லை.

சரியானதைக் கண்டுபிடிப்பது எப்படி? யந்திரத்தோடு வந்த புத்தகத்தில், முழு விசையில் எத்தனை சுற்று வரவேண்டும் என்று போட்டிருக்கும். வலை, ஐஸ், ஆட்கள் என வழக்கமான பாரத்தோடு கடலில் முழு விசை கொடுத்து, சுற்றுமானியைப் பாருங்கள். வெறும் படகை ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, காலி வண்டியில் பூட்டி மாடு வாங்குவதைப் போன்றது. சுற்று குறைந்தால் பிட்ச் அதிகம்: யந்திரம் திணறும், சூடேறும், டீசலானால் கரும்புகை கக்கும். சுற்று மிஞ்சினால் பிட்ச் போதாது. யந்திரம் வீணாய்ப் பறந்து தேயும். வெளிப்பொருத்து யந்திரங்களில் ஓர் அங்குலம் பிட்ச் மாற்றினால் ஏறக்குறைய 200 சுற்று மாறும்.

மடி இழுக்கும் விசைப்படகின் சங்கதி வேறு. அதற்கு வேகத்தைவிட இழுவை முக்கியம். விட்டம் பெரிதாய், பிட்ச் குறைவாய், மெதுவாய்ச் சுழல்வதே உகந்தது. ஆனால் இதழின் முனை படகின் அடியை நெருங்கக்கூடாது. விட்டத்தில் பத்திலொரு பங்காவது இடைவெளி வேண்டும். நெருங்கினால் படகு முழுவதும் அதிரும்.

இதழ் வளைந்தாலும் அதே அதிர்ச்சிதான். கழற்றும்போது தண்டையும் பாருங்கள். தங்கூசி நூல் சுற்றியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்; அது எண்ணெய் சீலை அறுத்து, பல்சக்கரப் பெட்டிக்குள் உப்புத்தண்ணீரை விட்டுவிடும்.