வானத்துக் கண்ணும் நம் ஊர்க் கண்மாயும்

மார்கழி மாதத்தில் முதுகுளத்தூர்ப் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து நாம் வெளியே பார்க்கிறோம். மழை பொய்க்காத ஆண்டாயின், ஒருபுறம் நெற்பயிர் தலையசைக்கும். மறுபுறம் கண்மாய் நிறைந்து கரையைத் தொடும். அதே பாதையில் வைகாசியில் சென்றால் காட்சியே வேறு. கரிசல் நிலம் வெடித்துக் கிடக்கும். கண்மாயில் சொட்டு நீர் இராது. ஆனால் வறண்ட அக்கண்மாயின் நடுவே சீமைக்கருவேல் மட்டும் பச்சைப் பசேலென்று நிற்கும்.

இவற்றுள் எது ஆண்டுதோறும் வந்துபோகும் பருவ மாற்றம்? எது நம் நிலத்திற்கு நேர்ந்த நிலையான மாற்றம்? பேருந்துச் சன்னல் வழியே பார்ப்பவர்க்கு இக்கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. ஆனால் பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு கண் நம் ஊரைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கண் எவ்வாறு பார்க்கிறது, அதை எந்த அளவிற்கு நம்பலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தொடாமல் அறிதல்

குழந்தையின் முகத்தைப் பார்த்தே அதற்கு உடல் நலமில்லை என்று தாய் அறிந்துகொள்கிறாள். ஒரு பொருளைத் தொடாமல், அதிலிருந்து வரும் ஒளியைக் கொண்டே அதன் தன்மையை அறிவதைத் தொலையுணர்தல் என்கிறோம்.

சூரிய ஒளி எல்லாப் பொருள்கள்மீதும் ஒன்றுபோல் விழுகிறது. ஆனால் எல்லாப் பொருள்களும் அதை ஒன்றுபோல் திருப்பி அனுப்புவதில்லை. இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உட்கொண்டு உணவு சமைக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிரையோ இலை பெருமளவு திருப்பி அனுப்பிவிடுகிறது. தண்ணீர் அக்கதிரை விழுங்கிவிடுகிறது. காய்ந்த மண் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் திருப்பி அனுப்புகிறது. செயற்கைக்கோளின் கருவி இவ்விரு ஒளிகளையும் தனித்தனியே அளக்கிறது.

கணக்கு விரும்பும் மாணவியருக்கு ஓர் எளிய சூத்திரம். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, வரும் எண்ணை அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, செழித்த நெல்வயல் சிவப்பில் 5 பங்கும் அகச்சிவப்பில் 45 பங்கும் திருப்பி அனுப்பினால், 40 வகுத்தல் 50, அதாவது 0.8. காய்ந்த தரை 20, 25 என்று அனுப்பினால் 0.11 மட்டுமே. தண்ணீர் 4, 2 என்று அனுப்பினால் விடை பூச்சியத்திற்கும் கீழே போய்விடும். ஒரே கழித்தலும் வகுத்தலும் பயிரையும் தரையையும் நீரையும் பிரித்துக் காட்டிவிடுவது விந்தையல்லவா!

இக்கதிர்களை நாம் காணும்படி படமாக்கும்போது, அகச்சிவப்புக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது வழக்கம். ஆகையால் அப்படத்தில் பயிரும் மரமும் சிவப்பாகத் தெரியும். ஓரியூர்த் திருத்தலத்தின் செம்மண்ணை அறிந்த நாம், படத்தில் சிவப்பைக் கண்டதும் செம்மண் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே சிவப்பு என்றால் உயிருள்ள பச்சை என்று பொருள்.

தென்னை மரத்தில் தொடங்கிய கலை

நம் நாட்டில் இக்கலை தென்னந்தோப்பில் தொடங்கியது. 1970இல் கேரளத்தில் தென்னை வேர்வாடல் நோய் பரவியிருந்த பகுதியில், அறிவியலறிஞர் பி. ஆர். பிஷாரடியின் தலைமையில் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படங்கள் எடுக்கப்பட்டன. நோயுற்ற மரங்கள் படத்தில் வேறுபட்டுத் தெரிந்தன. சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பயின்ற அப்பெரியாரை இந்தியத் தொலையுணர்தலின் தந்தை என்று போற்றுகிறோம்.

1972 ஜூலை 23இல் அமெரிக்கா, நிலத்தை ஆராயும் லேண்ட்சாட் வரிசையின் முதற் செயற்கைக்கோளை ஏவியது. 1979இல் நம் பாஸ்கரா-1 பறந்தது. 1988 மார்ச் 17இல் ஐ.ஆர்.எஸ்.-1ஏ அன்றைய சோவியத் நாட்டின் பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. அதன்பின் ரிசோர்ஸ்சாட் வரிசை வந்தது. 2025 ஜூலை 30இல் இந்தியாவும் அமெரிக்காவும் இணைந்து உருவாக்கிய நைசார், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணேறியது. ரேடார் அலைகளைக் கொண்டு பார்ப்பதால் அதற்கு மேகமும் இரவும் தடையல்ல.

ஐ.ஆர்.எஸ்.-1ஏ கோளின் ஒரு கருவிக்கு, தரையில் 72.5 மீட்டர் பக்கமுள்ள சதுரம் ஒரு புள்ளி. அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர். ஒரு ஏக்கர் மிளகாய்த் தோட்டம் அதில் ஒரு முழுப் புள்ளிகூட ஆகாது. 2016இல் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-2ஏ கோளின் ஒரு கருவிக்கு ஒரு புள்ளி 23.5 மீட்டர், அதே தோட்டத்திற்கு 7 புள்ளிகள். ஐரோப்பியரின் சென்டினல்-2 கோளுக்கு ஒரு புள்ளி 10 மீட்டர். அதே தோட்டத்திற்கு 40 புள்ளிகள். கண் கூர்மையாகக் கூர்மையாக, ஏழை விவசாயியின் சிறு நிலமும் படத்தில் இடம்பெறுகிறது.

நம் மாவட்டம் காட்டும் பாடங்கள்

கமுதி அருகே சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் அமைந்தது. அதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் அருகருகே வைத்தால், புன்செயாக இருந்த பரப்பு கருநீலப் பட்டைகளாக மாறியிருப்பதைச் சிறு பிள்ளையும் காட்டிவிடும். 23.5 மீட்டர்க் கணக்கில் அது சுமார் 18,000 புள்ளிகள்!

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் எண்ணப்பட்டிருந்தன. அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. எஞ்சிய தீவுகளின் கரை எங்கே தேய்கிறது, எங்கே வளர்கிறது என்பதை ஆண்டுவாரியான படங்கள் காட்டுகின்றன.

வேளாண்மைக்கும் இக்கண் உதவுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானம் மூடியிருக்கும். சாதாரணப் படத்தில் மேகமே தெரியும். எனவே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினர் ரேடார்ப் படங்களைக் கொண்டு நெற்பரப்பைக் கணிக்கின்றனர். 2016-17ஆம் ஆண்டின் கொடிய வறட்சியின்போது பயிர்க் காப்பீட்டிற்காக இழப்பை மதிப்பிடவும் இம்முறை பயன்பட்டது. வானை நம்பி விதைக்கும் நம் குடும்பங்களுக்கு இது வெறும் படமன்று. அடுத்த ஆண்டின் விதைநெல்.

வானத்துக் கண்ணும் ஏமாறும்

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். மார்கழிப் படத்தையும் வைகாசிப் படத்தையும் ஒப்பிட்டு, "கண்மாய் மறைந்துவிட்டது!" என்று ஒருவர் கூறினால் அது பிழை. கண்மாய் வற்றுவது இயற்கை. ஒப்பிடும் இரு படங்களும் ஒரே பருவத்தவையாக இருக்க வேண்டும். அந்த இரு ஆண்டுகளின் மழை அளவையும் அறிந்திருக்க வேண்டும். பல ஆண்டுகளின் கோடைப் படங்களை வரிசையாகப் பார்க்கும்போது, நெல் அறுவடையாகிப் புல்லும் காய்ந்தபின்னும் சிவப்பாக நிற்கும் பகுதி ஆண்டுக்காண்டு விரிந்தால், அங்கே முட்செடி பரவுகிறது என்று ஐயுறலாம்.

ஐயுறலாம் என்று மட்டுமே சொல்கிறோம். காரணம் நம் அருகிலேயே உள்ளது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகிய கண்மாய்கள் 1989இல் பறவைகள் சரணாலயங்களாயின. 2022இல் உலகச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. அங்கே நாரைகள் கூடு கட்டுவது பெரும்பாலும் நாட்டுக்கருவேல் மரங்களில். ஆனால் ஒரு புள்ளி 23.5 மீட்டர் என்னும் படத்தில், நாட்டுக்கருவேலும் சீமைக்கருவேலும் ஒரே சிவப்பாகத் தோன்றிவிடக்கூடும். படத்தை மட்டும் நம்பி, சிவப்பாகத் தெரிவதையெல்லாம் வெட்டச் சொன்னால், பறவைகளின் வீட்டையே வெட்டிவிடுவோம்.

இங்கேதான் தரையில் நிற்கும் மனிதர் தேவைப்படுகிறார். படத்தில் கண்டதை நேரில் சென்று சரிபார்க்காமல் எந்த வரைபடமும் முழுமை பெறுவதில்லை. செயற்கைக்கோள் தடுமாறும் இடத்தில் ஆடு மேய்க்கும் நம் ஊர்ச் சிறுமி தடுமாற மாட்டாள். உருண்டையான மஞ்சள் பூவும், மணிமாலைபோல் இடையிடையே ஒடுங்கிய காயும் இருந்தால் அது நாட்டுக்கருவேல். நீண்ட கதிர்போன்ற பூவும், ஆடு விரும்பித் தின்னும் இனிப்பான மஞ்சள் காயும் இருந்தால் அது சீமைக்கருவேல்.

மற்றொன்றும் படத்தில் தெரியாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேல் நம் கண்மாய்களை அடைத்தது உண்மை. ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டு அடுப்பெரித்த குடும்பங்கள் முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடிப் பகுதிகளில் ஏராளம். நம்முள் சிலர் அக்கரியின் வருவாயில் புத்தகம் வாங்கிப் படித்தவர்களே. மரம் எங்கே நிற்கிறது என்பதை வானத்துக் கண் சொல்லும். அதை நம்பி வாழ்பவர் யார், அதை அகற்றினால் அவருக்கு மாற்று வழி என்ன என்பதை மனிதர்தாம் கேட்டறிய வேண்டும்.

நாம் செய்யத் தக்கது

மாணவியரே, ஒரு சிறு பணியை மேற்கொள்வோம். கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்தை 23.5 மீட்டராகக் கொண்டு, நம் ஊர்க் கண்மாயை வரைவோம். பெற்றோரின் துணையோடு கரைமேல் நடந்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீரா, பயிரா, நாட்டுக்கருவேலா, சீமைக்கருவேலா, வெறுந்தரையா என்று குறிப்போம். ஆண்டுதோறும் தை மாதத்திலும் வைகாசி மாதத்திலும் இதைச் செய்வோம். நாம் பள்ளியை விட்டுச் செல்லும்போது நம் தங்கையரிடம் அத்தாள்களை ஒப்படைப்போம். பத்தாண்டுகளில் அவை நம் கண்மாயின் வரலாறாகிவிடும். பாட்டி தாத்தாவிடம், "நீங்கள் சிறுவராயிருந்தபோது தண்ணீர் எதுவரை நின்றது?" என்று கேட்டு அதையும் எழுதிவைப்போம். எந்தச் செயற்கைக்கோளும் பறவாத காலத்தின் படம் அவர்கள் நெஞ்சில்தான் உள்ளது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவ்தாத்தோ சி' என்னும் சுற்றுமடலில், இவ்வுலகை நம் பொது இல்லம் என்றார். பூமியின் வேதனையையும் ஏழையின் வேதனையையும் சேர்த்துக் கேட்குமாறு நம்மை அழைத்தார். விஞ்ஞானம் நமக்கு வானத்திலிருந்து பார்க்கும் கண்ணைத் தந்துள்ளது. இறைவனோ அருகில் சென்று பார்க்கும் கண்ணையும், பார்த்ததற்காக இரங்கும் நெஞ்சையும் முன்பே தந்திருக்கிறார். இரண்டையும் கொண்டு நம் கண்மாயைக் காப்போமாக!