அணை மீனும் அவலாஞ்சி டிரவுட்டும்: சில குறிப்புகள்

ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் பெரும்பாலும் சைவச் சமையல்தான். ஆனாலும் திருவண்ணாமலைக்கு மீன் என்றால் சாத்தனூர் அணை மீன்தான் முதலில் நினைவுக்கு வரும். கோடையில் ஊட்டி போய்வருகிறவர்களோ வானவில் டிரவுட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டும் நன்னீர் மீன்கள்தான், ஆனால் கையாளும் விதம் வேறு.

1. டிரவுட் குளிர்ந்த ஓடைநீரில் வாழும் மீன். தண்ணீர் 20 டிகிரிக்கு மேல் சூடானாலே தவிக்கத் தொடங்கும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளிலிருந்து வந்த இனம் இது. நீலகிரியில் வில்சன் என்ற அதிகாரியின் முயற்சியால் 1907ல் அவலாஞ்சியில் இதற்கெனக் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. நம் ஊர் ஏரியில் பிடித்தது என்று யாராவது டிரவுட் விற்றால் வாங்காதீர்கள்.

2. நீலகிரி ஓடைகளில் தூண்டில் போட மீன்வளத் துறையின் உரிமம் வேண்டும்; காட்டுப் பகுதிக்கு வனத்துறை அனுமதியும் கேட்டுக்கொள்ளுங்கள். டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து, மிதந்துவரும் பூச்சிக்காகக் காத்திருக்கும். அதனால் ஓடையின் கீழ்ப்பக்கம் நின்று மேல்நோக்கித் தூண்டிலை வீசுங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்தால் மீன் ஓடிவிடும்.

3. எந்த மீனிலும் முதலில் கெடுவது குடல். பிடித்த இடத்திலேயே குடலையும் செவுளையும் எடுத்துவிட்டு, ஐஸ் ஒரு அடுக்கு, மீன் ஒரு அடுக்கு என வைத்து எடுத்துவாருங்கள். உருகிய தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடவேண்டும்.

4. டிரவுட்டுக்குச் செதில் மிகப் பொடி, தேய்க்கவே வேண்டாம். மஞ்சள், உப்பு, மிளகு, எலுமிச்சை போதும். தோசைக்கல்லில் சிறு தீயில் தோலோடு வாட்டுங்கள். புளிக்குழம்பில் போட்டால் அதன் மென்மையான சுவை தெரியாமல் போய்விடும்.

5. சாத்தனூரில் அனுமதியுள்ள இடத்தில் மட்டும் தூண்டில் போடுங்கள். தங்கூசி நூல், சின்ன முள், மைதா உருண்டை அல்லது மண்புழு இருந்தால் ஜிலேபி மீன் கிடைக்கும். நீர்த்தேக்கத்தில் முதலைகள் உண்டு. குழந்தைகளைக் கரையோரம் உட்காரவிடவே கூடாது. மதகு திறப்பு அறிவிப்பையும் கவனியுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு இந்த அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் போனது.

6. அணை மீன் வேண்டாம் என்று பலர் சொல்வதற்குக் காரணம் அந்த மண் வாசனை. தேங்கிய நீரிலுள்ள பாசியும் நுண்ணுயிரிகளும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள், மீனின் கொழுப்பிலும் தோலிலும் தங்கிவிடுகிறது. புளிப்பு அதைக் குலைத்துவிடும். கல் உப்பு போட்டு உரசிக் கழுவி, புளித்தண்ணீரிலோ மோரிலோ கால் மணி நேரம் ஊறவையுங்கள். வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வையும் உரித்தெடுங்கள். இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் கட்லாவும் ரோகுவும் அத்தனை ருசி! நல்ல மீனை மண் வாசனைக்காக ஒதுக்குவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

7. கட்லா, ரோகுவில் வால் பக்கம்தான் பொடிமுள் அதிகம். பிள்ளைகளுக்கு வயிற்றுத் துண்டைக் கொடுங்கள். அங்கே முள் பெரிது, கையாலேயே எடுத்துவிடலாம்.

8. விரால் வழுக்கும். சாம்பல் தடவிப் பிடித்தால் கைக்குள் நிற்கும்.

9. கெளுத்தி என்று சொல்லி ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தள்ளிவிடுவார்கள். தட்டைத் தலை, நீண்ட மீசைகள், அளவுக்கு மீறிய பருமன் இருந்தால் விலகிவிடுங்கள். நாட்டு மீன்களைத் தின்று அழிப்பதால் அதை வளர்க்க அரசு தடை விதித்திருக்கிறது.

10. பக்கத்து வீடு சைவ வீடானால், வறுப்பதைவிட மூடிபோட்டுக் குழம்பு வைப்பது நல்லது. பாத்திரத்தைக் கடலைமாவும் புளியும் போட்டுத் துலக்குங்கள். கழிவை ஒருநாளும் கிரிவலப் பாதையிலோ குளக்கரையிலோ கொட்டாதீர்கள்.

11. அந்தக் கழிவுக்குச் சம எடை நாட்டுச்சர்க்கரை கலந்து, மூடிய வாளியில் 21 நாள் நிழலில் வைத்தால் மீன் அமிலம் தயார். நாய், பூனை எட்டாத இடமாகப் பாருங்கள். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வீதம் கலந்து மல்லிகைக்கும் கத்தரிக்கும் மாலை வேளையில் தெளியுங்கள்.