களம் தேடிக் கடல் கடந்தவர்

நுழையும்முன்

திறமை ஒருவருக்கு வாய்த்துவிட்டால் மட்டும் போதாது. அது வெளிப்படுவதற்கு ஒரு களமும் வேண்டும். பிறந்த நாட்டில் அக்களம் இல்லாதபோது, அதைத் தேடிக் கடல் கடந்து சென்றவர் அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை லினெட் உட்டார்டு. அவரது விளையாட்டு வாழ்க்கை, மகளிர் கூடைப்பந்து வளர்ந்த வரலாற்றையும் உடன் சொல்கிறது.

மண்ணும் மரபும்

கூடைப்பந்து 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் தோன்றியது. அதனை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1898இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியேற்று, அங்குக் கூடைப்பந்து அணியின் முதல் பயிற்றுநரானார். அதே கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் 1959ஆம் ஆண்டு லினெட் உட்டார்டு பிறந்தார். அவருடைய உறவினர் ஹியூபர்ட் ஆஸ்பி, விளையாட்டு வித்தைகளால் உலகைக் கவர்ந்த ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்னும் அணியில் ஆடியவர். விரல் நுனியில் பந்தைச் சுழற்றிக் காட்டிய அவரைக் கண்ட சிறுமியின் மனத்தில், அவ்வணியில் தானும் ஆட வேண்டும் என்ற ஆசை வேரூன்றியது. ஆனால், அவ்வணியில் அதுவரை பெண் ஒருவரும் இடம்பெற்றதில்லை.

3,649 புள்ளிகள்

1972இல் இயற்றப்பட்ட அமெரிக்கக் கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் பால் அடிப்படையில் வேறுபாடு காட்டுவதைத் தடை செய்தது. கல்லூரிகளில் மாணவியர் விளையாட்டு வளர்வதற்கு அச்சட்டம் வழி திறந்தது. அவ்வழியில் வந்த தலைமுறையைச் சேர்ந்தவர் லினெட். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் மரியன் வாஷிங்டன் என்னும் பயிற்றுநரிடம் அவர் பயின்றார். 1981 வரையிலான நான்காண்டுகளில் அவர் எடுத்த புள்ளிகள் 3,649. ஆட்டத்திற்குச் சராசரியாக 26 புள்ளிகள்!

இந்த எண்ணிக்கையின் அருமையை உணர, அக்கால விதிகளையும் அறிய வேண்டும். தொலைவிலிருந்து எறிந்து மூன்று புள்ளிகள் பெறும் முறை அன்று மகளிர் கல்லூரி ஆட்டத்தில் இல்லை. களத்திலிருந்து எறிந்து போடும் ஒவ்வொரு கூடைக்கும் இரண்டு புள்ளிகளே கிடைத்தன. மகளிருக்கெனச் சற்றுச் சிறிய பந்தும் அப்போது வழக்கில் இல்லை. ஆடவர் ஆடும் அதே பந்தைக் கொண்டே அவர்களும் ஆடினர்.

அடைபட்ட கதவுகள்

1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்கான அமெரிக்க அணியில் லினெட் இடம்பெற்றார். ஆனால், ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா அப்போட்டியைப் புறக்கணித்தது. மறு ஆண்டு அவர் கல்லூரிப் படிப்பை நிறைவு செய்தபோது இன்னொரு கதவும் அடைபட்டது. 1978இல் ஆட்டங்களைத் தொடங்கிய மகளிர் தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு, நிதி நெருக்கடியால் 1981இல் கலைந்துபோயிற்று. கல்லூரி ஆட்டத்தில் இணையற்று விளங்கிய ஒருவருக்கு, தாய்நாட்டில் அவ்விளையாட்டைத் தொழிலாகக் கொள்ள வழியில்லை.

லினெட் இத்தாலிக்குப் புறப்பட்டார். அந்நாட்டின் வடபகுதியில் உள்ள ஸ்கியோ என்னும் சிறு நகரின் அணி அவரை ஏற்றுக்கொண்டது. மொழியும் உணவும் புதியவை. பந்தும் கூடையும் மட்டுமே பழகியவை. அங்கு ஆடித் திரும்பிய அவர், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டியில் அமெரிக்க மகளிர் அணிக்குத் தலைமையேற்றார். இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 85–55 எனும் கணக்கில் வென்று, அமெரிக்க மகளிர் அணி கூடைப்பந்தில் தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றது.

அதே ஒலிம்பிக்கில் ஆடவர் அணியில் ஆடித் தங்கம் வென்றவர் மைக்கேல் ஜோர்டன். சில மாதங்களில் அவர் சிகாகோ அணியின் தொழில்முறை வீரரானார். மகளிர் அணித் தலைவருக்கோ அத்தகைய நிலைத்த கூட்டமைப்பு எதுவும் நாட்டில் இல்லை. பதக்கம் ஒன்றாயினும் வாய்ப்பு ஒன்றாக இல்லை.

கனவு கைகூடல்

1985இல் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணி, லினெட்டைத் தன் முதல் வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது. இளமைக் கனவு நனவாயிற்று. பின்னர் மீண்டும் இத்தாலியில் ஆடினார். அதன்பின் ஜப்பானில், நிதி நிறுவனம் ஒன்று நடத்திய அணியில் ஆடினார். நாடு திரும்பி நியூயார்க்கில் பங்கு வணிகத் துறையில் பணியாற்றினார்.

1997இல் அமெரிக்காவில் மகளிர் தேசியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு தன் முதல் ஆட்டப் பருவத்தைத் தொடங்கியது. லினெட் கல்லூரியை விட்டுப் பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. பெரும்பாலோர் களத்தைவிட்டு விலகும் வயதில் அவர் கிளீவ்லாந்து அணிக்காகக் களமிறங்கினார். அடுத்த ஆண்டு டெட்ராய்ட் அணிக்கும் ஆடினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. 2004இல் நெய்ஸ்மித்தின் பெயர் தாங்கிய கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் அவர் இடம்பெற்றார்.

ஏட்டில் ஏறாத எண்

லினெட் ஆடிய காலத்தில் கல்லூரி மகளிர் விளையாட்டை நடத்தியது, அதற்கெனத் தனியே அமைந்த ஒரு சங்கம். தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகம் 1981–82ஆம் கல்வியாண்டில்தான் மகளிர் வாகையர் போட்டிகளை முதன்முதலாக நடத்தியது. தனிச் சங்கம் விரைவில் மறைந்தது. அச்சங்கக் காலத்துப் புள்ளிகளைக் கழகம் தன் சாதனைப் பட்டியலில் சேர்க்கவில்லை. இதனால் 3,649 என்னும் எண் பல்லாண்டுகள் மறைந்தே கிடந்தது.

2024 பிப்ரவரியில் அயோவா பல்கலைக்கழக மாணவி கெய்ட்லின் கிளார்க் அந்த எண்ணைக் கடந்தபோதுதான், ‘யாருடைய எண் அது?’ என்ற வினா பரவலாக எழுந்தது. சில நாள்களுக்குப் பின் அயோவாவில் கிளார்க் ஆடியதைக் காண லினெட் நேரில் வந்திருந்தார். தன்னை முந்தியவரை வாழ்த்த வந்தவரால், தனக்கு முன் நடந்தவர்களையும் விளையாட்டுலகம் நினைவுகூர்ந்தது.

ஒருவர் களம் தேடிக் கடல் கடந்தார். அவருக்குப் பின் வந்தோருக்குத் தாய்நாட்டிலேயே களம் அமைந்தது. முன்னோர் நடந்த தடத்தை ஏட்டில் பொறிப்பது, பின்வருவோர் செலுத்த வேண்டிய கடனாகும்.

கற்பவை கற்றபின்…

1. ‘பதக்கம் ஒன்றாயினும் வாய்ப்பு ஒன்றாக இல்லை’ – இத்தொடரைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
2. சாதனைகளைப் பதிவு செய்வதில் நேரும் விடுபடல்கள் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. உங்கள் பகுதியைச் சேர்ந்த விளையாட்டு வீராங்கனை ஒருவரை நேர்கண்டு, அவர் கடந்துவந்த தடைகளைக் கட்டுரையாக்குக.